திருச்சபைச் சங்கீதமும் சுவை பேதமும்

உணவில் ஒருவருக்கு உவப்பானது மற்றொருவருக்கு உவப்பற்றதாயிருத்தலை நாம் எவரும் குற்றமாகக் கொள்வதில்லை. பந்தியில் அருகே இருப்பவர் பாயசத்தை விடுத்து மோரை விரும்பினால், அதன் பொருட்டு அவரை இகழ்வதுமில்லை. ஆனால் தேவாராதனையிற் பாடும் பாட்டைக் குறித்து அபிப்பிராயம் வேறுபடும்போது மாத்திரம் நமது பொறுமை எளிதிற் குன்றிவிடுகின்றது. பாமாலையிற் பழகியவர் கீர்த்தனையைக் 'கச்சேரி' என்கிறார். கீர்த்தனையிற் பழகியவர் பாமாலையை 'அன்னிய மெட்டு' என்கிறார். இவ்விருவரும் ஒன்றுகூடி, இளைஞர் கிட்டாரும் கீபோர்டும் கொண்டு பாடுஞ் சிறு பாட்டுகளை 'ஆரவாரம்' என்கின்றனர். இளைஞரோ அவ்விருவரையும் நோக்கி, 'உயிரற்ற பாட்டு' என்று சொல்லித் தம் வழியே செல்கின்றனர். இந்நான்கு தீர்ப்புகளில் எவ்வளவு சுவையைப் பற்றியது, எவ்வளவு உண்மையைப் பற்றியது என்று பிரித்தறிவதே இவ்வியாசத்தின் நோக்கம்.

பரிசுத்த பவுல் கொலோசெ சபைக்கு எழுதிய நிருபத்தின் 3-ஆம் அதிகாரத்தில், சபையார் ஒருவருக்கொருவர் போதித்துப் பாடவேண்டியவற்றை ஒரு பெயராற் சொல்லி நிறுத்தவில்லை. மூன்று பெயராற் சொன்னார். நமது தமிழ் வேதாகமம் அவற்றைச் சங்கீதம், கீர்த்தனை, ஞானப்பாட்டு என மொழிபெயர்த்திருக்கின்றது. இம்மூன்றுக்கும் எல்லை இன்னதென அப்போஸ்தலர் வகுக்கவுமில்லை. ஒன்றை மற்றொன்றின்மேல் உயர்த்தவுமில்லை. ஆகவே ஆதிசபையிலேயே பாட்டு ஒருவகையாய் மாத்திரம் இருந்திலது என்பதை நாம் முதற்கண் மனத்திற்கொள்ளல் வேண்டும்.

இனி, சுவை என்பது எங்ஙனம் உண்டாகின்றது என்று ஆராய்வோம். ஒரு மெட்டு நமக்குப் பரிசுத்தமாய்த் தோன்றுவதற்கு அம்மெட்டின் ஸ்வரங்கள் மாத்திரம் காரணமல்ல. தாயின் மடியிலிருந்து கேட்டது, திருவிருந்து நாளிற் கேட்டது, இறந்தோரை அடக்கம்பண்ணிய இடத்திற் கேட்டது ஆகிய பழைய நினைவுகள் ஒவ்வொன்றும் மெட்டின்மேல் ஒரு பூச்சாகப் படிகின்றன. பல ஆண்டுகள் சென்றபின், நினைவு எது, மெட்டு எது என்று நம்மாற் பிரிக்க முடிவதில்லை. இதற்கு ஐரோப்பிய சரித்திரத்தில் ஒரு சிறந்த திருஷ்டாந்தம் உண்டு. ஹான்ஸ் லியோ ஹாஸ்லர் என்னும் ஜெர்மானியர் 1601-ஆம் ஆண்டில் ஒரு காதற்பாட்டை அச்சிட்டார்; காதல் வயப்பட்ட உள்ளத்தின் கலக்கமே அதன் பொருள். அந்நூற்றாண்டிலேயே அதே மெட்டு கிறிஸ்துவின் பாடுகளைக் குறித்த ஞானப்பாட்டுக்கு உரியதாயிற்று. பிற்காலத்தில் பாக் என்னும் இசைப்புலவர் மத்தேயு சுவிசேஷத்தின்படியான பாடுகளுக்கு இசை அமைத்தபோது அம்மெட்டை ஐந்து முறை வழங்கினார். இன்று பெரிய வெள்ளிக்கிழமையில் அதனைக் கேட்பவருள் காதலை நினைப்பவர் எவரும் இலர். மெட்டு மாறவில்லை, கேட்போர் அதனுடன் சேர்த்த நினைவே மாறிற்று. பழக்கம் இவ்வளவு வல்லமையுடையதாயின், 'இது பக்திக்கேற்ற மெட்டு, அது பக்திக்கேலாத மெட்டு' என்று நாம் விரைந்து சொல்லுஞ் சொல்லில் எவ்வளவு பங்கு பழக்கத்தின் சொல் என்பதை எண்ணிப் பார்த்தல் தகும்.

சங்கீதத்தின் இன்பத்தைக் குறித்து நமக்கு முன்னே கலங்கினவர் சிலர் அற்பமானவரல்லர். பரிசுத்த அகுஸ்தீன் தமது 'அறிக்கைகள்' என்னும் நூலின் 10-ஆம் புத்தகத்தில், பாடப்படும் பொருளினும் பாடுங் குரலே தம்மை அதிகமாய் அசைத்த வேளைகளைப் பாவமென்றே எண்ணி வருந்துகிறார். அலெக்சாந்திரியாவின் அத்தனாசியு அத்தியட்சர், பாடுவதினும் பேசுவதற்கே அடுத்ததாகச் சங்கீதங்களை ஓதுவித்தாரென்பதை நினைத்து, அதுவே அபாயமற்ற வழியோ என்று ஐயுறுகிறார். ஆனால் தாம் மனந்திரும்பிய நாட்களில் மிலான் நகரத்துச் சபையின் பாட்டைக் கேட்டுக் கண்ணீர்விட்டதை நினைத்தவுடன், பாட்டின் பிரயோஜனத்தையும் அவரால் மறுக்க முடியவில்லை. முடிவில் சபையிற் பாடும் வழக்கமே நன்றென ஒருவாறு இசைகிறார். இவ்விஷயத்தில் அவர் சோதித்தது தம் அயலாரின் சுவையை அன்று; தமது சுவையையே என்பது கவனிக்கத்தக்கது.

பிற்காலத்தவர் பெரும்பாலும் அயலாரின் சுவையையே சோதித்தனர். 1520-களில் ட்சூரிக் நகரத்தின் சீர்திருத்தக்காரராகிய ட்சுவிங்லி, தாமே பல வாத்தியங்களில் வல்லவராயிருந்தும், ஆராதனையினின்று இசையை அறவே விலக்கினார். 1598-ஆம் ஆண்டுவரை அந்நகரத்துச் சபை பாடாமலே இருந்தது. அதே காலத்தில் லுத்தர், சபையார் யாவரும் தம் தாய்மொழியிற் பாடவேண்டுமென்று 1524 முதல் பாட்டுப் புத்தகங்களை வெளியிடுவித்தார். ஜெனீவா நகரத்தார், தாவீதின் சங்கீதங்களையே செய்யுளாக்கி, ஒரே குரலாய், வாத்தியமின்றிப் பாடினர். அவர்களுடைய சங்கீதப் புத்தகம் 1562-இல் முற்றுப்பெற்றது. இங்கிலாந்திலே ஐசக் வாட்ஸ் என்பவர் 1707-இல் தாமே இயற்றிய ஞானப்பாட்டுகளை வெளியிட்டபின்னும், நாட்டுத் திருச்சபையில் அத்தகைய பாட்டுகள் நெடுங்காலம் ஐயத்துக்குரியனவாகவே இருந்தன. 1820-இல் செபீல்டு நகரத்துக் குருவானவர் ஒருவர், தம் சபையில் ஞானப்பாட்டுப் புத்தகத்தை வழங்கியதன் பொருட்டுச் சபை நீதிமன்றத்துக்கு இழுக்கப்பட்டார். 1873-இல் சாங்கி என்னும் அமெரிக்கப் பாடகர் சிறு ஆர்மோனியத்துடன் ஸ்காத்லாந்துக்கு வந்தபோது, வாத்தியமில்லாச் சங்கீதமே தேவனுக்கு உகந்ததென்று பழகியிருந்த அந்நாட்டாருட் பலர் திடுக்கிட்டனர். இன்று நம்முள் ஒருவர், 'பழைய ஞானப்பாட்டுகளே பக்தியானவை' என்று சொல்லும்போது, அப்பழைய பாட்டுகள் ஒரு காலத்தில் வழக்கு மன்றத்தில் நின்ற புதுமைகள் என்பதை மறந்துவிடுகிறார்.

நிற்க. தமிழ்நாட்டின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். 1706-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 9-ஆந் தேதி தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயரும் அவருக்குப் பின்வந்தோரும், தங்கள் நாட்டு மெட்டுகளிலேயே தமிழ்ச் சொற்களை அமைத்துப் பாடக் கற்பித்தனர். அவ்வழியில் மிகுதியும் உழைத்தவர் பப்ரிசியுஸ் ஐயர். ஆனால் தமிழர் செவி வேறொன்றையும் நாடியது. 1774-இல் பாளையங்கோட்டையிற் பிறந்து, சுவார்ட்ஸ் ஐயரிடம் தஞ்சையில் வளர்ந்த வேதநாயக சாஸ்திரியார், குறவஞ்சி என்னும் நாட்டுப் பிரபந்த வகையையே எடுத்துப் 'பெத்லகேம் குறவஞ்சி' பாடினார். இராக தாளங்களோடு கூடிய கீர்த்தனைகளை ஏராளமாய் இயற்றினார். தியாகராஜரும் முத்துசாமி தீட்சிதரும் வாழ்ந்த அதே காவிரி நாட்டில், அதே காலத்தில், அவரும் வாழ்ந்தார். 1820-களில் தஞ்சைக்குப் புதிதாய் வந்த மிஷனெரிமார் சிலருக்கும் அவருக்கும் பிணக்கு மூண்டபோது, தமிழ்ப் பாட்டின் வழக்கமும் அப்பிணக்கின் காரணங்களுள் ஒன்றாயிருந்தது. எனினும் காலம் அவர் பக்கமே சாய்ந்தது. அமெரிக்க மதுரை மிஷனைச் சார்ந்த வெப் ஐயர், 1853-இல் கீர்த்தனைகளைத் திரட்டி ஆராதனைக்குரிய புத்தகமாக அச்சிட்டார். அதன்பின் கீர்த்தனை வாசற்படியில் நிற்கவில்லை; கோயிலுக்குள்ளே இடம்பெற்றது.

இச்சரித்திரத்தில் மறைக்கலாகாத ஒரு பகுதியும் உண்டு. தஞ்சைப் பிணக்கிலே பாட்டு மாத்திரமன்று, ஜாதி ஆசாரமும் வழக்காயிருந்தது. சபையில் ஜாதி வேற்றுமையை ஒழிக்க முயன்றோரை எதிர்த்த பக்கத்திலேயே சாஸ்திரியார் நின்றார். அவருடைய கவித்திறத்தை நாம் போற்றும்போதே இதனையும் சொல்லுதல் நேர்மையாகும். ஏனெனில் சுவை என்பது எப்பொழுதும் தனியே வருவதில்லை. சில வேளைகளில் அந்தஸ்தையும் தன் முந்தானையில் முடிந்துகொண்டு வருகிறது. கர்நாடக சங்கீதக் கீர்த்தனை கோயிலுக்குட் புகுந்த பின்னரும், கிராமத்து ஏழைச் சபையார் வயலிலும் வீட்டிலும் பாடிய மெட்டுகளும், அவர்கள் அடித்த பறையும் வெகுகாலம் வெளியே நின்றன. சாவுக்கு அடிப்பதென்றும் தாழ்ந்ததென்றும் பெயர்பெற்ற அக்கருவி ஆராதனைக்கு ஆகாது என்பதைப் பலரும் 'சுவை' என்றே எண்ணினர். மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியற் கல்லூரியிற் போதித்த தியோபிலஸ் அப்பாவு ஐயர் (1940–2005) இதனைக் கேள்விக்குள்ளாக்கினார். நாட்டுப்புற மெட்டிலும் பேச்சு வழக்கிலும் அவர் பாட்டுகளையும் ஆராதனை முறையையும் இயற்றினார். எழுத்தறியாதவரும் பாடவும், தம் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளவும் கூடிய இசையே ஒடுக்கப்பட்டோருக்கு உரிய இசை என்பது அவர் கொள்கை. அவருடைய பாட்டுகளை ஒருவர் விரும்பலாம், விரும்பாமலும் இருக்கலாம். ஆனால் ஒருவன் தன் தாய் பாடிய மெட்டைக் கோயிலில் பாட வெட்கப்படும்படி நாம் செய்தோமானால், அது சுவைபேதம் அன்று. சகோதரனுக்குச் செய்த அவமதிப்பே ஆகும்.

'இது நமது இசை, அது அன்னிய இசை' என்னும் வாதமும் நுணுகி நோக்குமிடத்து நிலைபெறுவதில்லை. கர்நாடக சங்கீதத்தின் மூவருள் ஒருவராகிய முத்துசாமி தீட்சிதரே, ஆங்கிலேயரின் பாண்டு வாத்திய மெட்டுகளைக் கேட்டு, அவற்றிற்குச் சமஸ்கிருத சாகித்தியம் அமைத்தார். அவை 'நோட்டுஸ்வரம்' என வழங்குகின்றன. இங்கிலாந்தின் இராஜகீத மெட்டும் அவற்றுள் ஒன்று. அவர் தம்பியாகிய பாலுசாமி தீட்சிதர் சென்னையில் பிடில் கற்று, அதனைக் கர்நாடக இசைக்கு உரியதாக்கினார். இன்று பிடிலின்றிக் கச்சேரி இல்லை. மறுபுறத்தில், நமது கீர்த்தனைகளோடு பிரியாத தோழனாயிருக்கும் ஆர்மோனியம் ஐரோப்பாவிற் பிறந்தது. அதன் ஸ்வரங்கள் கட்டையிட்டு நின்றவை. ஒரு ஸ்வரத்தினின்று மற்றொன்றுக்கு வழுக்கியும் அசைந்தும் செல்லும் கமகம் அதற்கு வாராது. இத்தகைய குறைகளைக் கருதியே அகில இந்திய வானொலி 1940 மார்ச்சு 1 முதல் அதனை விலக்கியது. 1971-க்குப் பின்னரே அத்தடை தளரத் தொடங்கிற்று. ஆகவே 'சுதேச' கீர்த்தனையை நாம் 'விதேச' வாத்தியத்தோடும், சங்கீத வித்துவான் 'விதேச' பிடிலைச் 'சுதேச' இராகத்தோடும் பாடிவருகின்றோம். பிறந்த ஊரைக் கொண்டு இசையை விலக்குவோமாயின், மிஞ்சுவது அற்பமே.

அங்ஙனமாயின், எல்லாப் பாட்டும் சமமே, நன்று தீது என்பதே இல்லை என்று சொல்லலாமோ? கூடாது. சுவை வேறு, விவேகம் வேறு. எனக்கு இனிக்கின்றதா என்பது சுவையின் கேள்வி. அதற்கு அப்பால், எவ்வகைச் சுவையுடையோரும் ஒருங்கே நின்று கேட்கக்கூடிய கேள்விகள் சில உண்டு. நாம் மூன்றைக் கூறுவோம்.

முதலாவது, பாடும்போது சொல் பிழையாமல் நிற்கின்றதா? தமிழ் மொழி குறில் நெடிலால் நடப்பது. குறிலை நீட்டினால் பொருளே மாறிவிடும். 'மலையில் ஏறினார்' என்று அமைந்த அடியை, முதலெழுத்தில் நீளும் ஒரு மேல்நாட்டு மெட்டிற் பாடினால், கேட்போர் செவியில் 'மாலையில் ஏறினார்' என்றே விழும். 'வனம்' என்பது 'வானம்' ஆகும். ஆங்கிலச் செய்யுளோ அசையழுத்தத்தால் நடப்பது; ஆங்கே எட்டும் ஆறுமாக அசைகளை எண்ணி அமைத்த மெட்டிலே தமிழை அடைக்கும்போது, அசையெண் சரியாயிருந்தும் அளவு பிழைபடுகின்றது. அன்றியும் ஆங்கிலச் செவி அடியின் ஈற்றில் ஒலியொப்புமையை எதிர்பார்க்கும். தமிழ்ச் செவி அடியின் முதலில் எதுகையையும் மோனையையும் தேடும். சிறந்த மொழிபெயர்ப்பாளர் இத்தடைகளை வென்ற பாமாலைகளும் உள, வெல்லாதனவும் உள. அவற்றைப் பிரித்தறிவது விவேகம். கீர்த்தனைக்கும் இதே கேள்வி உண்டு: ஒரே எழுத்தின்மேல் ஸ்வரங்களை அடுக்கி, சொல்லின் தலை ஓரிடத்திலும் வால் வேறிடத்திலுமாகச் சிதறவிடும் பாடகர் சொல்லைக் கொன்று இசையை வளர்க்கிறார்.

இரண்டாவது, சபையார் பாடுகின்றனரா? பாமாலையின் பெருஞ்சிறப்பு இதுவே. அதன் ஒவ்வொரு செய்யுளும் ஒரே மெட்டில் நடப்பதால், முதற் செய்யுளைக் கேட்டவர் மூன்றாஞ் செய்யுளிற் சேர்ந்துகொள்ளலாம். கீர்த்தனையின் சிறப்பு, பல்லவி மீண்டும் மீண்டும் வருதல். சரணத்தை ஒருவர் பாட, பல்லவியில் யாவரும் கூடலாம். ஆனால் தலைமைப் பாடகர் தம் சுருதியையே சபையின் சுருதியாக வைத்து, எட்டாத இடத்துக்கு ஏறுவாராயின், சபை கேட்போர் கூட்டமாகிவிடும். நான்கு குரலாகப் பிரிந்து பாடும் பாடகர் குழுவும் சில வேளைகளில் இவ்வாறே சபையின் வாயை அடைக்கின்றது. இக்காலத்துச் சிறு பாட்டுகள் விரைவில் மனப்பாடமாவன. ஆயின் ஒலிபெருக்கி மிகுந்து, நம் குரலும் அருகிருப்பவர் குரலும் நம் செவிக்கே எட்டாதபோது, நாம் பாடினாலும் பாடாவிட்டாலும் ஒன்றே என்னும் எண்ணம் உண்டாகின்றது. நாட்டுப்புறப் பாட்டு புத்தகமின்றி யாவரையும் சேர்த்துக்கொள்வது. கொட்டின் வேகம் சொல்லை முந்தும்போது அதுவும் தன் பயனை இழக்கின்றது.

மூன்றாவது, பாட்டின் பொருளுக்கும் மெட்டுக்கும் பொருத்தம் உண்டா? கிறிஸ்துவின் பாடுகளைச் சொல்லும் சொற்களைத் துள்ளும் தாளத்தில் அமைத்தாலும், உயிர்த்தெழுதலின் களிப்பைச் சாவோலம்போல இழுத்துப் பாடினாலும், பிழை ஒன்றே. அன்றியும் சொற்கள் தம்மளவிலே சத்தியமும் கனமும் உடையனவா என்று கேட்கவேண்டும். ஒரே வாக்கியம் இருபது முறை வந்தாற் குற்றமில்லை. அது இருபது முறை நினைக்கத்தக்க வாக்கியமாயிருத்தல் வேண்டும்.

இம்மூன்று கேள்விகளையும் நேர்மையாய்க் கேட்போமாயின், நல்ல பாட்டும் குறைவுள்ள பாட்டும் எல்லா வகையிலும் உண்டென்பது விளங்கும். நமக்குப் பிரியமான வகையின் குறைகளைக் காண நமக்குக் கண் திறக்கும். பிரியமில்லாத வகையின் நிறைகளைக் கேட்க நமக்குச் செவி திறக்கும்.

இறுதியாக, மாணவ சகோதரருக்கும் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. சுவை கற்றுக்கொள்ளக் கூடியது என்பதை மறவாதிருங்கள். ஈரோட்டில் ஊழியஞ்செய்த பாப்ளி ஐயர், இங்கிலாந்து தேசத்தவராயிருந்தும், நமது சங்கீதத்தை முறையாய்ப் பயின்று பாடி, 1921-இல் இந்திய சங்கீதத்தைப் பற்றி ஒரு நூலும் வெளியிட்டார். தஞ்சை ஆபிரகாம் பண்டிதரோ, வைத்தியத் தொழிலினிடையே தமிழிசையின் சுருதிகளை ஆராய்ந்து, 1917-இல் 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெருநூலை அளித்தார். பிறந்தபொழுது வாய்த்த செவியோடு இவர்கள் நின்றுவிடவில்லை. கல்லூரி ஆலயத்திலே பல ஊராரும் பல சபையாரும் ஒரே வரிசையில் அமர்கின்றோம். பட்டணத்துச் சபையில் ஆர்கனோடு வளர்ந்தவரும், கருக்கலிற் கிராமத்துப் பஜனையோடு வளர்ந்தவரும் அடுத்தடுத்து நிற்கும் இவ்வாய்ப்பு, கல்லூரியை விட்டுச் சென்றபின் எளிதிற் கிடைப்பதன்று. ஆகவே ஒவ்வொருவரும் தமக்குப் பழக்கமில்லாத வகையில் ஒரு பாட்டையாவது, அதை விரும்பும் ஒருவரிடமிருந்தே, சொல்லும் மெட்டும் தவறாமற் கற்றுக்கொள்ளட்டும். கற்றபின்னும் அது உவப்பாயிராவிட்டால் குற்றமில்லை. அறிந்து விலக்குவோர் இகழ்ந்து பேசுவது அரிது.

ஆராதனைக்குப் பாட்டுத் தெரிந்தெடுக்கும் பொறுப்புடையோர், 'எனக்கு எது பிரியம்?' என்பதற்கு முன்னே, 'சென்ற வாரம் வாய்திறவாது நின்றவர் யார்?' என்று கேட்பாராக. அவர் பாடக்கூடிய பாட்டு ஒன்றை அடுத்த வாரம் சேர்ப்பாராக. அந்தப் பாட்டு வரும்போது, அது நம் சுவைக்கு ஏற்றதாயிராவிட்டாலும், நாம் அவரோடுகூட நின்று பாடுவோமாக. சபையின் பாட்டு என்பது அவரவர் செவிக்கு இன்பம் அளிப்பதன் பொருட்டு ஏற்பட்டதன்று. பலர் ஒரே வாயாய் ஒருவரைத் துதிப்பதன் பொருட்டே ஏற்பட்டது.